புளிப்புப் பழச் சாஸுடன் மாட்டிறைச்சி பர்கர்

வீட்டில் மாட்டிறைச்சி பர்கர் செய்பவர்களில் பலர் இறைச்சியைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறார்கள். சாஸ் என்பது பன்னை மூடுவதற்குச் சற்று முன்பு புட்டியிலிருந்து பிழியப்படும் ஒன்றாக நின்றுவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அரைத்த இறைச்சியை நடுப்பகுதி வரை முழுமையாக வேகவைத்தே உண்ண வேண்டும் என்று கருதுபவள் நான். அப்படி வேகவைக்கும்போது சாஸின் பொறுப்பு கூடிவிடுகிறது. கொழுப்பும் உப்பும் வறுபட்ட மேற்பரப்பும் சேர்ந்த இறைச்சி நாவில் கனமாகப் படியும். அந்தக் கனத்தைக் களைந்து, உமிழ்நீரைச் சுரக்கச் செய்து, அடுத்த கடிக்கு வாயை ஆயத்தப்படுத்துவது புளிப்புதான். பர்கர் சாறு நிறைந்ததாக இருக்கிறது என்று நாம் உணர்வதற்கு இறைச்சியில் தங்கியிருக்கும் நீரும் கொழுப்பும் எவ்வளவு காரணமோ, வாயில் ஊறும் நீரும் அவ்வளவு காரணம். ஆகவே பர்கருக்கான பழச் சாஸ் இனிப்பைச் சேர்ப்பதற்காக அல்ல, மணமுள்ள புளிப்பைச் சேர்ப்பதற்காகவே செய்யப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பர்கருடன் பழமா என்று தயங்குபவர்கள் தக்காளியும் தாவரவியல்படி ஒரு பழமே என்பதை நினைத்துப் பார்க்கலாம். காளான், வால்நட், மீன் ஆகியவற்றைக் கொண்டு செய்யப்பட்டுவந்த கெச்சப்புக்குத் தக்காளியைப் பயன்படுத்தும் செய்முறையை 1812-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் மீஸ் என்ற மருத்துவர் அச்சில் வெளியிட்டார். அச்சில் வந்த தக்காளி கெச்சப் செய்முறைகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது அதுவே. இன்று பர்கருடன் பிரிக்க முடியாததாகிவிட்ட கெச்சப்பும் பழம், வினிகர், சர்க்கரை, உப்பு, மசாலா ஆகியவற்றின் சேர்க்கைதான். அதே சேர்க்கையை வேறொரு பழத்தைக் கொண்டு, சர்க்கரையைக் குறைத்து, நம் கையாலேயே செய்கிறோம். இதில் அந்நியமானது எதுவும் இல்லை.

பழத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் மூன்று தன்மைகளைப் பார்க்கிறேன். முதலாவது புளிப்பு. இரண்டாவது, சாஸைத் தானாகவே கெட்டியாக்கும் பெக்டின். மூன்றாவது, நீண்ட நேரம் கொதித்த பிறகும் எஞ்சி நிற்கும் மணம். இம்மூன்றும் ஒருசேர அமைந்த பழமாக நான் கண்டது பிளம். அதன் சதையில் இனிப்பும், தோலிலும் தோலை ஒட்டிய பகுதியிலும் கூர்மையான புளிப்பும் லேசான துவர்ப்பும் இருக்கின்றன. அந்தத் துவர்ப்பு மாட்டிறைச்சியின் கொழுப்புக்கு எதிராக மிக நன்றாக நிற்கும். தோலின் செந்நிறம் கொதிக்கும்போது சாறு முழுவதும் பரவி, சாஸுக்கு ஆழ்ந்த சிவப்பைத் தருகிறது. பெக்டின் போதிய அளவு இருப்பதால் சோள மாவு போன்ற எதையும் கரைத்து ஊற்ற வேண்டிய தேவையும் இல்லை. மாவு சேர்த்த சாஸ் பளபளப்பாகத் தோன்றினாலும் அதன் சுவை மங்கிவிடுகிறது.

பிளம் வாங்கும்போது நன்கு கனிந்தவற்றுடன் சற்றே காயாக, அழுத்தினால் இறுக்கமாக இருப்பவற்றையும் கலந்து எடுக்க வேண்டும். பழம் கனியக் கனிய அதன் அமிலம் குறைகிறது, பெக்டினும் சிதைகிறது. முழுக்கக் கனிந்த பழங்களை மட்டுமே கொண்டு செய்தால் மணம் சிறப்பாக இருக்கும். ஆனால் சாஸ் நீர்த்தும் இனித்தும் போகும். மூன்றில் ஒரு பங்கு காய்த்தன்மையுள்ள பழம் இருந்தால் இரண்டும் சமனாகிவிடும்.

பிளம் கிடைக்காத காலத்தில் வேறு பழங்களும் உதவும், ஆனால் ஒவ்வொன்றையும் அதன் இயல்பை அறிந்து கையாள வேண்டும். புளிப்பான ஆப்பிளில் பெக்டின் மிகுதி. மணம் மென்மையானது என்பதால் இஞ்சியையும் கிராம்பையும் சற்றுக் கூடுதலாகச் சேர்க்கலாம். மாம்பழத்தில் இனிப்பு முந்திக்கொள்ளும். ஆகவே செங்காயாக உள்ள மாங்காயைப் பாதியளவு சேர்த்தால்தான் இறைச்சியுடன் பொருந்தும். புளிப்புச் செர்ரி அருமையான தேர்வு, ஆனால் கொட்டை நீக்கப் பொறுமை வேண்டும்.

அன்னாசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில்தான் பலர் ஒரு பிழையான அறிவுரையைப் பின்பற்றுகிறார்கள். இறைச்சி மென்மையாகும் என்று எண்ணி, பச்சை அன்னாசிச் சாற்றை அரைத்த இறைச்சியுடன் கலந்து ஊறவைக்கும் வழக்கம் அது. அன்னாசியில் உள்ள ப்ரோமெலைன் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கக்கூடியது. தடித்த, நார்மிகுந்த துண்டு ஒன்றின் மேற்பரப்பில் அது பயன் தரலாம். ஆனால் ஏற்கெனவே அரைபட்ட இறைச்சியின் எல்லாப் பக்கங்களிலும் அது புகுந்துவிடுவதால், சிறிது நேரத்திலேயே இறைச்சி தன் இழைத்தன்மையை இழந்து குழம்பிப்போகும். பப்பாளியிலும் கிவியிலும் இதே போன்ற நொதிகள் உள்ளன. சூடேற்றினால் இந்த நொதி செயலிழந்துவிடும் என்பதால், நன்றாகக் கொதித்த அன்னாசிச் சாஸில் இந்தச் சிக்கல் இல்லை. அன்னாசியில் பெக்டின் குறைவு. ஓர் ஆப்பிளைத் துருவிச் சேர்த்தால் சாஸ் இறுகும்.

சாஸை முந்தைய நாளே செய்துவைப்பது என் வழக்கம். வினிகரின் காரம் அடங்கி, மசாலாக்களின் மணம் பழத்துடன் ஒன்றுகலக்க ஓர் இரவு தேவைப்படுகிறது. இறைச்சி அடுப்பில் இருக்கும் நேரத்தில் வேறு எதையும் கவனிக்க வேண்டியிருக்கக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

ஆறு பர்கர்களுக்குத் தாராளமாகப் போதுமான அளவுக்கு, 600 கிராம் பிளம் பழங்களை எடுத்து, கொட்டையை நீக்கி, தோலுடன் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நடுத்தர வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில், மிதமான தீயில், நிறம் மாறாமல் கண்ணாடி போலத் தெளியும் வரை வதக்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் ஆகும், அவசரப்படுவதில் பயன் இல்லை. பிறகு துருவிய இஞ்சி 15 கிராம், நசுக்கிய பூண்டு இரண்டு பல், விதை நீக்கிய காய்ந்த மிளகாய் இரண்டு, கிராம்பு இரண்டு, ஒரு தேக்கரண்டி கடுகுத்தூள் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நிமிடம் கிளறி, பழத்தையும் கால் கோப்பைத் தண்ணீரையும் ஊற்றி மூடிவிடலாம். அமிலம் மிகுந்த பழம் என்பதால் பாத்திரம் எவர்சில்வராக இருப்பது நல்லது. அலுமினியப் பாத்திரத்தில் அமிலம் வினைபுரிந்து சாஸில் உலோகச் சுவை ஏறிவிடும்.

சர்க்கரையை எப்போது சேர்ப்பது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் சாஸின் தன்மையையே அது தீர்மானிக்கிறது. தொடக்கத்திலேயே சர்க்கரை சேர்த்தால், பழத்தின் செல்சுவர்களில் உள்ள பெக்டின் உறுதியடைந்து, துண்டுகள் கரையாமல் தம் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். பழப் பாகு செய்பவர்களுக்கு அது தேவை, நமக்குத் தேவையில்லை. ஆகவே பத்துப் பதினைந்து நிமிடங்களில் பழம் முழுக்க மசிந்து தோல் சுருண்டு பிரியத் தொடங்கிய பிறகுதான் 60 கிராம் நாட்டுச்சர்க்கரையையும், ஒரு தேக்கரண்டி உப்பையும், 50 மில்லிலிட்டர் வினிகரையும் சேர்க்கிறேன். அதன் பின் மூடியை எடுத்துவிட்டு, மிதமான தீயில் இருபது நிமிடம் வற்றவிட வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் அடிப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் கரண்டியைக் கையிலிருந்து வைத்துவிடக் கூடாது.

பதத்தை அறிய, குளிர்ந்த தட்டு ஒன்றில் ஒரு துளி சாஸை விட்டு, அரை நிமிடம் கழித்து அதன் நடுவே விரலால் கோடு இழுத்துப் பார்க்கலாம். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. பாத்திரத்தில் பார்க்கும்போது இன்னும் சற்று நீர்த்திருப்பது போலத் தோன்றினாலும் கவலை வேண்டாம், ஆறும்போது பெக்டின் இறுகும். அடுப்பை அணைத்த பிறகு இன்னொரு மேசைக்கரண்டி வினிகரைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது வினிகரின் ஆவியாகும் பகுதி போய்விடுகிறது. கடைசியில் சேர்க்கும் அந்த ஒரு கரண்டிதான் நாவில் முதலில் படும் கூர்மையைத் தருகிறது. கிராம்பையும் மிளகாயையும் எடுத்துவிட்டு, சாஸில் பாதியை மட்டும் மசித்து, மீதியை அப்படியே கலந்தால், கடிக்கும்போது இடையிடையே பழத்தின் சதை தட்டுப்படும். எனக்கு முழுக்க அரைத்த வழவழப்பான சாஸை விட இதுவே பிடிக்கும்.

சுவை பார்ப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். கரண்டியில் எடுத்துத் தனியாகச் சுவைக்கும்போது இச்சாஸ் சற்று அதிகப் புளிப்பாகவும் சற்று அதிக உப்பாகவும்தான் இருக்க வேண்டும். தனியாகச் சுவைக்கும்போது சரியாக இருக்கும் சாஸ், கொழுப்புள்ள இறைச்சியுடனும் வெண்ணெய் தடவிய பன்னுடனும் சேர்ந்தவுடன் காணாமல் போய்விடும். உறுதியாக அறிய விரும்புபவர்கள் கோலிக்குண்டு அளவு இறைச்சியை உப்பிட்டுப் பொரித்து, சாஸில் தொட்டுச் சுவைத்துவிட்டு, அதன் பின் வினிகரையோ சர்க்கரையையோ கூட்டிக் குறைக்கலாம்.

இனி இறைச்சி. கொழுப்பு குறைந்த இறைச்சிதான் தரமானது என்ற எண்ணத்தைப் பர்கர் செய்யும்போது கைவிட்டே ஆக வேண்டும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு கிலோவுக்குச் சுமார் 200 கிராம் கொழுப்பு இருக்கும்போதுதான் முழுக்க வெந்த பர்கரும் உலராமல் இருக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் இடைப்பட்ட பகுதி இதற்கு மிகப் பொருத்தமானது. அதிகம் உழைத்த தசை என்பதால் சுவை ஆழமாக இருக்கும், கொழுப்பும் ஏறக்குறைய தேவையான விகிதத்திலேயே அமைந்திருக்கும். அதனுடன் நெஞ்சுப் பகுதியிலிருந்து கால் பங்கு சேர்த்தால் மாட்டிறைச்சிக்கே உரிய மணம் இன்னும் கூடும். தொடைப்பகுதி கொழுப்பற்றது, அதுதான் கிடைக்கிறது என்றால் தனிக் கொழுப்பை வாங்கிச் சேர்த்து அரைக்க வேண்டும்.

முடிந்தவரை முழுத் துண்டாக வாங்கி, வீட்டிலேயே அரைப்பது நல்லது. என்ன பகுதி, எவ்வளவு கொழுப்பு, எப்போது அரைத்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் அப்போது நம்மிடமே விடை இருக்கும். அரைப்பதற்கு முன் இறைச்சியைக் குழாய்நீரில் கழுவ வேண்டாம். கழுவுவதால் கிருமிகள் அழிவதில்லை, தெறிக்கும் நீருடன் அவை மேடையெங்கும் பரவுகின்றன. மேற்பரப்பின் ஈரத்தைத் தாளால் ஒற்றி எடுத்தால் போதும்.

அரைப்பதில் எல்லாவற்றுக்கும் மேலான விதி, குளிர்ச்சி. மாட்டுக்கொழுப்பு அறை வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். இளகிய கொழுப்பு எந்திரத்தின் கத்தியில் வெட்டுப்படாமல் நசுங்கி, இறைச்சியின் மேல் பசையாகப் பூசிக்கொள்ளும். அப்படி அரைபட்ட இறைச்சியை அடுப்பில் வைத்தவுடன் கொழுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் உருகி ஓடிவிடும், எஞ்சுவது வறண்ட, மணல் போன்ற இறைச்சி. எனவே இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, தட்டில் பரப்பி, ஓரங்கள் விறைக்கும் வரை அரைமணி நேரம் உறைபெட்டியில் வைக்க வேண்டும். அரைக்கும் எந்திரத்தின் கத்தியையும் துளைத்தட்டையும் கூடவே குளிரவைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஐந்து மில்லிமீட்டர் துளையுள்ள தட்டில் ஒரே ஒரு முறை அரைத்தால் போதும். எந்திரம் இல்லாதவர்கள் கனமான கத்தியால் கொத்திக்கொள்ளலாம். நேரம் பிடித்தாலும் கையால் கொத்திய இறைச்சியின் கடிபதத்துக்கு ஈடு இல்லை. மிக்சியில் மட்டும் அரைக்க வேண்டாம். நொடிப்பொழுதில் அது இறைச்சியை விழுதாக்கிவிடும்.

அரைத்த இறைச்சியுடன் முட்டை, ரொட்டித்தூள், நறுக்கிய வெங்காயம், மசாலா எதையும் நான் சேர்ப்பதில்லை. அவற்றைச் சேர்த்துப் பிசைந்து செய்யும் உணவுகள் தம்மளவில் சுவையானவைதான், ஆனால் அவை வேறு வகை. பர்கரில் இறைச்சி இறைச்சியாகவே இருக்க வேண்டும். மசாலாவின் வேலையைச் சாஸ் பார்த்துக்கொள்ளும்.

உப்பையும் உள்ளே கலக்கக் கூடாது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். இறைச்சியில் உள்ள மயோசின் என்ற புரதம் உப்பில் கரையக்கூடியது. கரைந்த புரதம் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, வேகும்போது இறுகி, இழுத்தால் அறுபடாத ரப்பர்த்தன்மையை உண்டாக்குகிறது. தொத்திறைச்சி செய்பவர்கள் இந்தத் தன்மையை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். பர்கருக்கோ நமக்கு வேண்டியது, கடித்தவுடன் உதிர்ந்து கொடுக்கும் தளர்வு. ஆகவே வில்லைகளைத் தட்டிமுடித்து, கல்லில் இடுவதற்குச் சரியாக முன்பு, மேற்புறத்தில் மட்டும் உப்பைத் தூவ வேண்டும். இருபுறமும் சேர்த்து ஒரு வில்லைக்கு இரண்டு கிராம் அளவு சரியாக இருக்கும். மிளகையும் அப்போதே புதிதாகப் பொடித்துத் தூவிக்கொள்ளலாம்.

வில்லை தட்டுவதில் கை எவ்வளவு குறைவாகப் படுகிறதோ அவ்வளவு நல்லது. ஒரு பர்கருக்கு 150 கிராம் இறைச்சியை எடுத்து, உருட்டிப் பிசையாமல், மெல்லச் சேர்த்து, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள வட்டமாகத் தட்ட வேண்டும். அதன் குறுக்களவு பன்னை விட ஒரு சென்டிமீட்டராவது பெரிதாக இருக்கட்டும், ஏனெனில் சூடு ஏறும்போது இறைச்சியில் உள்ள கொலாஜன் என்ற இணைப்பு இழை சுருங்கி, வில்லையை எல்லாப் பக்கமும் உள்ளிழுக்கும். ஓரங்கள் சுருங்குவதால் நடுப்பகுதி பந்து போலப் புடைப்பதும் இதனால்தான். தட்டும்போதே கட்டைவிரலால் நடுவில் ஒரு சிறு குழியை இட்டுவைத்தால், வெந்து முடியும்போது மேற்புறம் சமமாக நிற்கும். தட்டிய வில்லைகளை மீண்டும் அரைமணி நேரம் குளிரில் வைத்துவிட வேண்டும்.

சுடுவதற்குத் தடித்த இரும்புத் தோசைக்கல்லை விடச் சிறந்த சாதனம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கரியடுப்பின் புகைமணம் ஓர் அழகுதான், ஆயினும் கம்பிகளின் இடையே கொழுப்பு சொட்டி வீணாகும். இரும்புக் கல்லிலோ வில்லையின் மேற்பரப்பு முழுவதும் சூட்டில் படிந்து, தன் கொழுப்பிலேயே பொரியும். அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் வினைபுரிந்து பழுப்பு நிறமும் புதிய மணங்களும் தோன்றுவதை 1912-இல் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் விவரித்தார். இந்த வினை ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் விரைவாக நடக்கும். மேற்பரப்பில் நீர் இருக்கும் வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால், வில்லையின் ஈரத்தை ஒற்றியெடுப்பதும், கல்லை லேசாகப் புகை எழும் வரை காயவிடுவதும், ஒரே நேரத்தில் பல வில்லைகளை நெருக்கி அடுக்காமல் இருப்பதும் ஒரே நோக்கத்துக்கான செயல்கள்.

கல்லில் இட்ட பின் மூன்று நிமிடம் அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அடிப்புறம் நன்கு வறுபட்டதும் தானாகவே கல்லை விட்டு நழுவும். நழுவாவிட்டால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். திருப்பிய பின் தீயைச் சற்றுத் தணித்து மேலும் மூன்று நான்கு நிமிடம். கரண்டியால் அழுத்துவது மட்டும் வேண்டாம். அழுத்தும்போது எழும் சத்தம் கேட்க இனிமையானதுதான், ஆனால் அது உருகிய கொழுப்பும் சாறும் கல்லில் கொட்டித் தீயும் சத்தம். சாஸையும் இந்தக் கட்டத்தில் இறைச்சியின் மேல் பூசக் கூடாது. பழத்தில் உள்ள ஃப்ரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையை விடக் குறைந்த சூட்டிலேயே கருகத் தொடங்கும். வறுவல் மணத்துக்கு மாறாகக் கசப்புதான் மிஞ்சும்.

எந்தப் பதத்தில் எடுப்பது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. முழுத் துண்டாக இருக்கும் இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், மேற்புறம் சுடப்பட்டால் அவை அழிந்துவிடும். அரைக்கும்போதோ மேற்பரப்பு என்பதே இல்லாமல் போய், வெளியே இருந்தவை உள்ளே எங்கும் கலந்துவிடுகின்றன. ஈ. கோலை கிருமிகளில் ஓ157:எச்7 என்ற வகை மனிதருக்கு நோய் உண்டாக்குவது 1982-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டதே ஹாம்பர்கர் உண்டவர்களிடம் பரவிய நோயின் மூலம்தான். 1993-இல் அந்நாட்டின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர்களால் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், நான்கு குழந்தைகள் இறந்தனர். அமெரிக்க வேளாண்மைத் துறை அரைத்த மாட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்கிறது. பிரிட்டனின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு 70 டிகிரியில் இரண்டு நிமிடம் என்கிறது. குழந்தைகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் உண்ணும் வீட்டுச் சமையலில் இந்த எண்ணை அலட்சியம் செய்வதற்கு எந்தச் சுவையும் நியாயமாகாது.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதும் போதாது. சில இறைச்சி பாதுகாப்பான சூட்டை எட்டுவதற்கு முன்பே உள்ளே பழுப்பாகிவிடும், சில அதைக் கடந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். சமையலுக்கான வெப்பமானி ஒன்றை வாங்கி, அதன் முனையை வில்லையின் பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதி வரை செருகிப் பார்ப்பதுதான் நம்பத்தக்க ஒரே வழி. அது வெந்துவிட்டதா என்பதைச் சொல்வதோடு, தேவைக்கு மேல் வேகவிட்டு உலர்த்தாமலும் காப்பாற்றுகிறது. கொழுப்பு சரியான அளவில் இருந்து, இறைச்சி குளிர்ச்சியாகவும் தளர்வாகவும் கையாளப்பட்டிருந்தால், 71 டிகிரியில் எடுத்த பர்கர் சாறு சொட்டவே செய்யும்.

சீஸ் வைக்க விரும்புபவர்கள் கடைசி ஒரு நிமிடத்தில் வில்லையின் மேல் வைத்து மூடியால் மூடினால் உருகிப் படிந்துவிடும். பிளம் சாஸுடன் உப்பும் முதிர்ச்சியும் உள்ள சீஸ்தான் பொருந்தும், மென்மையான சீஸ் அதன் புளிப்பின் முன் அடையாளம் இழந்துவிடும். வெந்த வில்லைகளை இரண்டு மூன்று நிமிடம் தட்டில் ஆறவிட்டு, அந்த இடைவெளியில் பன்களை இரண்டாகப் பிளந்து, வெட்டுப்புறத்தில் வெண்ணெய் தடவி, அதே கல்லில் பொன்னிறமாக வாட்டிக்கொள்ளலாம். வாட்டிய புறம் சாற்றை உடனே உறிஞ்சிக் கூழாகாமல் சற்றுத் தாங்கும். பன் மென்மையாக இருக்கட்டும். பன் கடினமாக இருந்தால் கடிக்கும்போது உள்ளிருப்பவை எல்லாம் பின்புறமாக வெளியே தள்ளப்படும்.

அடுக்கும் வரிசையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அடிப்பன்னின் மேல் கீரை இலையும், அதன் மேல் இறைச்சியும், இறைச்சியை ஒட்டி ஒன்றரை மேசைக்கரண்டி சாஸும், அதற்கு மேல் மெல்லிய வளையங்களாக அரிந்து பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து வடித்த பச்சை வெங்காயமும் வர வேண்டும். இலை அடியில் இருப்பதால் இறைச்சியின் சாறு பன்னை நனைப்பது குறையும். சாஸ் இறைச்சியின் வறுபட்ட மேற்புறத்தோடு நேரடியாகச் சேர்ந்திருந்தால்தான் புளிப்பும் கொழுப்பும் ஒரே கடியில் வாய்க்கு வரும். சாஸை முன்கூட்டியே குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்துவிடவும், ஏனெனில் குளிர்ச்சியில் பழத்தின் மணமும் இனிப்பும் அடங்கி, வினிகர் மட்டும் தனித்துத் தெரியும். தக்காளித் துண்டை இந்தப் பர்கரில் நான் வைப்பதில்லை. பிளம் இருக்கும் இடத்தில் இன்னொரு நீர்த்த புளிப்புக்கு வேலை இல்லை.

மிஞ்சும் சாஸைக் கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஈரமற்ற கரண்டியால் எடுத்துவந்தால், இரண்டு வாரம் வரை நன்றாக இருக்கும். அரைத்த பச்சை இறைச்சியைக் குளிர்ப்பெட்டியில் இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். உடனே தேவைப்படாத வில்லைகளை உப்பிடாமல், இடையிடையே எண்ணெய்த்தாள் வைத்து அடுக்கி, காற்றுப் புகாதபடி கட்டி உறைபெட்டியில் வைத்தால் மூன்று நான்கு மாதம் சுவை குன்றாது. சமைக்கும் நாளுக்கு முந்தைய இரவே அவற்றைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, அங்கேயே மெல்ல இளகவிட வேண்டும். மேடையில் வைத்து இளக்கினால் நடுப்பகுதி உறைந்திருக்கும்போதே வெளிப்புறம் கிருமிகள் பெருகும் சூட்டை எட்டிவிடும். இளகிய வில்லைகளில் நீர் கூடுதலாகக் கசியும் என்பதால், உப்பிடுவதற்கு முன் தாளால் இருமுறை ஒற்றி எடுத்துவிட்டு, வழக்கம்போலக் காய்ந்த கல்லில் இடலாம்.